பழைய சிட்டி வீடெக்: முன்பக்க எடையைக் குறைக்க வேண்டும், கையில் இருப்பது 15,000 ரூபாய்

உப்புக்காற்று (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2001-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 வீடெக். மூன்றாவது கைமாற்றில் வாங்கினேன். 106 குதிரைத்திறன் என்று இன்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டியில் அந்த என்ஜின் ஐயாயிரம் சுற்றைத் தாண்டிக் குரலை மாற்றும் நொடி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் வாங்கினேன்.

போன மாதம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில், காசு கட்டினால் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள், போயிருந்தேன். 3.7 கிலோமீட்டர் சுற்று. நேர்ப்பாதையில் குறை ஒன்றும் இல்லை. நீண்ட வளைவுகளில்தான் மானம் போனது. ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன், மூக்கு மட்டும் நேராகப் போவேன் என்று அடம்பிடிக்கிறது. அண்டர்ஸ்டியர் என்று படித்திருக்கிறேன், இப்போதுதான் உள்ளங்கையில் உணர்ந்தேன். முன்பக்கம் கனமாக இருப்பதுதான் காரணம் என்று அங்கே இருந்த ஒருவர் சொன்னார்.

கார்பன் ஃபைபர் பானெட் போடலாமா என்று சென்னையில் ஒரு கடையில் கேட்டேன். 70,000 ரூபாய் என்றார்கள். நான் ஒதுக்கி வைத்திருப்பது 15,000. தினமும் இந்த வண்டியில்தான் கடலூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் ஏறுவார்கள். ஏசியைக் கழற்றும் யோசனையை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். வந்த பதிலை இங்கே எழுத முடியாது. மற்றபடி எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது?

மூன்றாம்கியர் (கடலூர்)

அண்ணா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பின்சீட்டைக் கழற்றுங்கள், ஸ்டெப்னியை வீட்டில் வைத்துவிடுங்கள், ஜாக்கியையும் எடுத்துவிடுங்கள். ஒரே மாலையில் 40 கிலோ குறைந்துவிடும், பைசா செலவில்லை. துணிச்சல் இருந்தால் முன்பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தையும் எடுத்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஸ்பேனர்14 (லாஸ்பேட்டை)

தம்பி, அவர் கேட்டது முன்பக்க எடையை. நீங்கள் பின்பக்கத்தைக் காலி செய்கிறீர்கள். முன்சக்கர இழுவை வண்டி இது. என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் மூக்கில் உட்கார்ந்திருக்கின்றன. ஆயிரம் கிலோ வண்டி, முன் அச்சில் 610, பின் அச்சில் 390 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து 40 கிலோவை எடுத்தால் முன்பக்கப் பங்கு 61 சதவீதத்திலிருந்து 63-ஐத் தாண்டிவிடும். வண்டி இலேசாகும், நேர்ப்பாதையில் பாயும், உண்மைதான். வளைவில் அவருடைய தலைவலி அப்படியே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் இன்னும் சீக்கிரம் பிடி விடும்.

உப்புக்காற்று சார், ஒரே ஒரு கேள்வி. டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதைப் படித்துச் சொல்லுங்கள். பம்பர் சட்டத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், இப்போது கோபத்தில் எழுதினால் நன்றாக இருக்காது.

உப்புக்காற்று

டார்ச் அடித்துப் பார்த்தேன். 2218. நான்கும் அதேதான்.

ஸ்பேனர்14

2018-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். டயர்ப் பூவில் ஆழம் இருக்கிறது என்று சொல்லப்போகிறீர்கள், தெரியும். ஆழம் இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு இது சாதாரணம். மூக்கு அடம்பிடிப்பதில் பாதிக் குற்றம் அதனுடையது. எடையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 15,000 ரூபாயையும் எடையில் கொட்டிவிட்டு டயருக்குக் காசில்லாமல் நிற்காதீர்கள்.

எடைமேடை (நெல்லிக்குப்பம்)

கரும்பு வண்டிகளுக்கு எடை போடும் மேடையில் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கார் பற்றி அதிகம் தெரியாது, எடை பற்றித் தெரியும். இங்கே எல்லாரும் 610, 390 என்று வாயால் எடை போடுகிறீர்கள். முதலில் வண்டியை மேடைக்குக் கொண்டுவாருங்கள்.

செய்ய வேண்டியது எளிது. முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறியதும் நிறுத்துங்கள், அது முன் அச்சின் எடை. பிறகு முழு வண்டி. பிறகு முன்சக்கரங்கள் இறங்கி, பின்சக்கரங்கள் மட்டும் மேடையில். முன்னும் பின்னும் கூட்டினால் முழு எடைக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் மேடைக்கும் தரைக்கும் மட்டம் சரியில்லை, வேறு மேடைக்குப் போங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டு நியூட்ரலில் நிறுத்துங்கள், ஆள் இறங்கிவிட வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு முக்கால் கிலோ, அதுவும் டேங்க் இருப்பது பின்பக்கம். இன்று முழு டேங்க், அடுத்த மாதம் கால் டேங்க் என்று போட்டால் கணக்கு பொய் சொல்லும்.

இன்னொன்று. எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். இரண்டு கிலோ குறைத்தேன், காட்டவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. சின்னச் சாமான்களுக்கு மீன் எடை போடும் கொக்கித் தராசு போதும், துறைமுகம் பக்கம் யாரிடம் கேட்டாலும் தருவார்கள்.

உப்புக்காற்று

சனிக்கிழமை காலை போய்விட்டு வந்தேன். எனக்கு முன்னால் மூன்று கரும்பு டிராக்டர்கள். கடைசி டிராக்டர் 14 டன். அடுத்து நான் ஏறியதும் திரையில் 620 வந்தது. பக்கத்திலிருந்த ஓட்டுநர் “இதற்கு எதற்கு மேடை, தூக்கிப் பார்த்தாலே தெரியுமே” என்றார்.

பாதி டேங்க், ஆள் இல்லாமல்: முன் அச்சு 620, பின் அச்சு 390, முழு வண்டி 1,010. முன்பக்கப் பங்கு 61.4 சதவீதம். ஸ்பேனர் அண்ணன் வாயால் போட்ட எடையும் பெரிதாகத் தப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கி வைத்து அடியில் படுத்துப் பார்த்தேன். அங்கேதான் அதிர்ச்சி. இந்த வண்டிக்கு முந்தைய இரண்டு உரிமையாளர்களும் பாசத்தோடு நிறையச் சேர்த்திருக்கிறார்கள். என்ஜினுக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஓர் இரும்புத் தகடு, வேகத்தடையில் எண்ணெய்த் தொட்டி இடிக்காமல் இருக்க. பம்பருக்கு முன்னால் பளபளக்கும் குழாய் கார்டு. நான் அதை அழகுக்கு என்று நினைத்து இத்தனை நாள் துடைத்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கைகளின் கீழே கம்பளத்தைத் தூக்கினால், சத்தம் கேட்காமல் இருக்கத் தார் போன்ற ஒரு விரிப்பு, இரண்டு அடுக்கு.

தராசில் தொங்கவிட்டேன். அடித்தகடு 10.2 கிலோ. குழாய் கார்டு தாங்கிகளோடு சேர்த்து 8.6. தார் விரிப்பைச் சுரண்டி எடுக்க இரண்டு மாலை ஆயின, சாக்கில் அள்ளிப் போட்டால் 6 கிலோ. பேட்டரி 10 கிலோ, அதை இன்னும் எங்கேயும் நகர்த்தவில்லை.

கணக்குவாத்தியார் (கடலூர், மஞ்சக்குப்பம்)

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். என்னிடம் இருப்பது பழைய பியட், அதற்கும் இந்த இழைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உப்புக்காற்றுத் தம்பி எல்லாவற்றையும் கிலோவில் மட்டும் பார்க்கிறார்; எங்கே தொங்குகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீசா விளையாட்டுதான்.

அவருடைய வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். குழாய் கார்டு முன் அச்சுக்கு முன்னால் சுமார் 0.8 மீட்டர் தள்ளி நிற்கிறது. ஆகவே அது பின் அச்சிலிருந்து 3.2 மீட்டர். 8.6-ஐ 3.2-ஆல் பெருக்கி 2.4-ஆல் வகுத்தால் 11.5. அதாவது கழற்றியது 8.6 கிலோ, முன் அச்சிலிருந்து குறைந்தது 11.5 கிலோ! மீதி 2.9 கிலோ எங்கே போனது? பின் அச்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மூக்குக்கு முன்னால் தொங்கும் சுமை முன் அச்சை அழுத்துவதோடு நிற்பதில்லை, நெம்புகோல் போலப் பின்பக்கத்தைத் தூக்கவும் செய்கிறது.

அடித்தகடு கிட்டத்தட்ட அச்சுக்கு நேராக இருப்பதால் 10.2 என்பது 10.8 ஆகிறது, அவ்வளவுதான். தார் விரிப்போ அச்சுக்குப் பின்னால், உள்ளே. 6 கிலோவில் முன் அச்சுக்கு வரவு நாலேகால் கிலோ மட்டும். இரண்டு மாலை சுரண்டியதற்கு இது நியாயமான கூலி இல்லை, வருந்துகிறேன்.

பேட்டரியை டிக்கிக்கு, பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் கொண்டுபோனால், 10 கிலோ பேட்டரி முன் அச்சிலிருந்து பன்னிரண்டரைக் கிலோவை இறக்கும். வண்டியின் மொத்த எடை ஒரு கிராம்கூடக் குறையாது, ஆனாலும் முன் அச்சுக்கு இதுவே பெரிய லாபம்.

யாராவது “முதலில் ஓட்டுநர் இளைக்கட்டும்” என்று எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஓட்டுநர் இரண்டு அச்சுக்கும் ஏறக்குறைய நடுவில் உட்கார்கிறார். அவர் பத்து கிலோ இளைத்தால் முன் அச்சுக்கு ஐந்துதான். பஜ்ஜியை நிறுத்த வேண்டியதில்லை.

மூன்றாம்கியர்

ஐயா, அப்படியென்றால் என் யோசனைதான் சரி! பம்பருக்குள் இருக்கும் சட்டம் ஐந்து கிலோவாவது இருக்கும், அது மூக்கின் நுனியில் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி ஆறரைக் கிலோ லாபம். செலவு பூஜ்யம்.

சர்வேயர் (புதுச்சேரி)

விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பிடுவது என் தொழில். அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஸ்பேனர் கொஞ்சம் பொறுக்கட்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்கு இந்தப் பக்கம், இரவில் மாடு குறுக்கே வந்த இரண்டு வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சின்ன கார்கள், இரண்டிலும் ஓட்டுநர் கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்து ஓரத் தூணில் இடித்தவர். முதல் வண்டியில் பம்பருக்குள் சட்டம் இருந்தது. இடி ஒரு மூலையில்தான் விழுந்தது, ஆனால் சட்டம் அதை வாங்கி இரண்டு பக்க நீளச் சட்டங்களுக்கும் பகிர்ந்துவிட்டது. ரேடியேட்டர் நசுங்கியது, கதவு திறந்தது, ஆள் நடந்து வந்தார். இரண்டாவது வண்டியில் பழைய விபத்துக்குப் பிறகு யாரோ பட்டறையில் சட்டத்தைத் திரும்பப் பொருத்தவே இல்லை; பிளாஸ்டிக் மூடி மட்டும் போட்டுச் சாயம் அடித்துவிட்டார்கள். ஒரு பக்க நீளச்சட்டம் தனியாக எல்லாவற்றையும் வாங்கி உள்ளே மடிந்தது. பெடல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சக்கரம் இருந்தது. அந்த ஓட்டுநரின் வலது கணுக்காலில் இப்போது எத்தனை ஸ்குரூ என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கோப்பும் என் மேசைக்கு வந்தது.

ஆறரைக் கிலோ.

வெளியே பூட்டும் குழாய் கார்டு வேறு விஷயம். அதைக் கழற்றியது நல்லது. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்தக் கார்டுகள் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்பதுதான் காரணம்.

சட்ட விதியையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் பூட்டியதைக் கழற்றி, வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்புவதில் சிக்கல் இல்லை. பேட்டரியை இடம் மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி இது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வாளர் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அவர் பானெட்டைத் திறந்து பேட்டரி எங்கே என்று கேட்டால் விழிக்காதீர்கள்.

மூன்றாம்கியர்

பம்பருக்குள் இருக்கும் சட்டத்தைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் வண்டியில் அது இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பார்க்கப் போகிறேன். செகண்ட் ஹாண்டில் வாங்கியது.

(அரை மணி கழித்து) இருக்கிறது.

படகுப்பட்டறை (தேவனாம்பட்டினம்)

பானெட் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஃபைபர் படகு கட்டுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க மரக்கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது எல்லாருக்கும் தெரியும். அப்பா அப்போதுதான் தச்சு உளியை வைத்துவிட்டு ரெசின் என்னும் பிசின் வாளியைத் தூக்கினார். கார்பன் ஃபைபருக்கு 70,000 கொடுக்க வேண்டாம், கண்ணாடியிழையில் நாமே செய்துவிடலாம் என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. என்னிடம் இருந்தது மாருதி எஸ்டீம்.

பழைய இரும்பு பானெட் தராசில் 12.5 கிலோ. அதையே கவிழ்த்து, மெழுகு ஏழு தடவை தேய்த்து, அச்சு எடுத்தேன். அச்சு சரியாக வந்தது. பிறகு ஜெல்கோட் என்னும் மேற்பூச்சைப் பூசி, மேட் என்னும் கண்ணாடியிழை விரிப்பைப் போட்டு, ரெசின் ஊற்றி உருளை ஓட்டுகிற வேலை. அப்பா பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு அடுக்கு மேட் போட்டதும் “போதும்” என்றேன். “இதுவா? அலையில் ஒரு அடிக்கு நிற்குமா?” என்றார். கார் அலையில் போகாது என்று சொல்வதற்குள் மூன்றாவது அடுக்கு விழுந்துவிட்டது. நான் தேநீர் குடிக்கப் போய்விட்டு வந்தபோது நான்காவது. அடியில் படகுக்கு வைப்பதுபோல் மூன்று விலா.

காய்ந்து எடுத்தால் 10.9 கிலோ. 9,000 ரூபாய்க்குச் சரக்கு, ஒரு வார உழைப்பு, எடையில் இறங்கியது 1.6 கிலோதான்.

கணக்கு இதுதான், வாத்தியார் சரிபார்க்கலாம். நாங்கள் போடும் மேட் சதுர மீட்டருக்கு 450 கிராம். கையால் ரெசின் ஊற்றினால் அது தன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும். ஆக ஓர் அடுக்கு சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பானெட் 1.2 சதுர மீட்டர் என்றால் அடுக்குக்கு ஏறக்குறைய 1.9 கிலோ. இரண்டு அடுக்கு, ஜெல்கோட், ஒல்லியான இரண்டு விலா: ஆறரையை ஒட்டி நிற்கும். அடுத்த தடவை அப்பா கடலுக்குப் போயிருந்த நாளில் செய்தேன், 6.7 வந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. இரும்பு பானெட்டின் பலம் மேல் தகட்டில் இல்லை, உள்ளே ஒட்டியிருக்கும் சட்டத்தில் இருக்கிறது. அது இல்லாமல் பூட்டு இருக்கும் இடத்தில் இரும்புத் தட்டு புதைக்காமல் ஓட்டினால் 80-ல் மூக்கு நடுங்க ஆரம்பிக்கும், நூறில் எழுந்து கண்ணாடியில் அறையும். நான் இரண்டு பக்கமும் பானெட் பின் போட்டேன். எங்கள் சாதாரண ரெசின் அறுபது எழுபது டிகிரிக்கு மேல் இளகும். கத்திரி வெயிலில் கடலூர் பழைய நகரத்து நெரிசலில் அரை மணி நின்றேன். சைலன்சர் மானிஃபோல்டுக்கு மேலே ஓர் இட்லி அளவுக்கு உப்பிவிட்டது. இன்றும் அப்படியே இருக்கிறது. கறுப்புச் சாயம் வேறு அடித்திருந்தேன், யார் சொல்லியும் கேட்காமல்.

தினமும் வேலைக்குப் போகிற, குழந்தை ஏறுகிற வண்டிக்கு நான் இதைச் செய்து தரமாட்டேன். காசு கொடுத்தாலும். பந்தயத்துக்கு மட்டும் என்று ஒரு வண்டி வைத்திருந்தால் வாருங்கள், அப்பாவை வெளியூர் அனுப்பிவிட்டுச் செய்வோம்.

உப்புக்காற்று

பானெட் ஆசையை விட்டுவிட்டேன். இட்லி அளவுக்கு உப்பியதைப் படித்து வீட்டில் இரண்டு பேர் அரை மணி நேரமாகச் சிரிக்கிறார்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். யு.பி.எஸ்.ஸில் வரும் 18 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தரைக் கிலோதான். அதை முன்னாலேயே வைத்துவிட்டால் நகர்த்தும் வேலையே இல்லையே?

ஸ்பேனர்14

காலையில் ஸ்டார்ட் ஆகும், நம் ஊரில் குளிர் கிடையாது என்பதால். ஆனால் அந்த பேட்டரி மெதுவாக மணிக்கணக்கில் மின்சாரம் கொடுக்கச் செய்தது. ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் நூற்றைம்பது ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். கொஞ்ச நாளில் செத்துவிடும். மழையில் இரவு ஒன்பது மணிக்கு, வைப்பர், விளக்கு, ஏசி விசிறி எல்லாம் ஓட, சிக்னலில் நிற்கும்போது கைவிடும். லித்தியம் மூன்று நான்கு கிலோவில் கிடைக்கிறது. விலை உங்கள் மொத்தப் பணத்தையும் விழுங்கும், என்ஜின் அறைச் சூட்டிலும் அதற்கு ஆயுசு குறையும்.

உள்ள பேட்டரியையே டிக்கிக்கு நகர்த்துங்கள். ஆனால் முறையாக. 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், நாலரை மீட்டர் வரும், எடை ஒன்றரைக் கிலோ. சின்னக் கேபிள் போட்டால் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். சாதாரண ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். மூடிய பெட்டி, அதிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய். பெட்டியை உடலோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், பட்டை வைத்துக் கட்டினால் போதாது. மோதலில் பத்து கிலோ பறந்து வந்து பின்சீட்டில் யார் மீது விழும் என்று யோசியுங்கள். எல்லாவற்றையும்விட, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ்.

கொய்யாத்தோப்பு (அரியாங்குப்பம்)

ஃப்யூஸ் என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். ஒரு பட்டறையில் எனக்குப் பேட்டரியை டிக்கிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கேபிள் உள்ளறையிலிருந்து என்ஜின் அறைக்குப் போகும் ஓட்டையில் ரப்பர் வளையம் வைக்கவில்லை. ஃப்யூஸும் கிடையாது. நான்கு மாதம் ஒன்றும் தெரியவில்லை. தகட்டின் விளிம்பு உறையை ஒவ்வொரு குலுக்கலிலும் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒருநாள் ஆற்றுப் பாலம் தாண்டியதும் பிளாஸ்டிக் எரியும் வாடை. சாவியைத் திருப்பி அணைத்தேன். சாவி அணைத்தால் நிற்குமா? பேட்டரியிலிருந்து நேராக உடலுக்குப் போகிறது, நடுவில் தடுக்க எதுவும் இல்லை. கம்பளத்துக்கு அடியிலிருந்து புகை. டிக்கியைத் திறந்து டெர்மினலைப் பிடுங்க ஸ்பேனர் தேடுகிறேன், ஸ்பேனர் இருப்பது முன்சீட்டுக்கு அடியில், புகைக்குள். எதிர்க் கடை பஞ்சர் ஒட்டுபவர் ஓடிவந்து கட்டிங் பிளேயரால் டெர்மினலைப் பெயர்த்தார். அவர் இல்லாவிட்டால் வண்டி இல்லை. ஃப்யூஸும் அதன் கூடும் 400 ரூபாய்.

நெறியாளர்

டீசலா பெட்ரோலா என்று நடந்த பதினோரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே எடை மட்டும்.

உப்புக்காற்று

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேலை முடிந்தது.

குழாய் கார்டு போய்விட்டது. தார் விரிப்பு போய்விட்டது. இரும்பு அடித்தகட்டை வெறுமனே கழற்றிவிட மனம் வரவில்லை. சிப்காட் போகும் வழியில் உள்ள வேகத்தடைகளை அறிந்தவர்களுக்குக் காரணம் புரியும். அதே அளவில் நான்கு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வளைத்துப் பூட்டினேன், 4.7 கிலோ. பேட்டரி டிக்கியில், வெளிக்குழாய் உள்ள பெட்டியில். ஃப்யூஸ் இருக்கிறது, கொய்யாத்தோப்பு நண்பரே, ரப்பர் வளையமும் இருக்கிறது, நானே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட்டேன்.

செலவு: அலுமினியத் தகடும் வளைத்த கூலியும் 2,800. கேபிள், பெட்டி, ஃப்யூஸ், கூலி எல்லாம் 3,900. வீல் அலைன்மென்ட் 700. மொத்தம் 7,400.

இடையில் சபலப்பட்டு 15 அங்குல அலாய் வளையம் பார்க்கப் போனேன். தராசையும் கையோடு கொண்டுபோனேன், கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. என் பழைய இரும்பு வளையம் 6.8 கிலோ, அவர் “இறகு மாதிரி” என்று நீட்டிய அலாய் 8.3. சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அதே மேடை, அதே பாதி டேங்க்: முன் அச்சு 590, பின் அச்சு 400, முழு வண்டி 990. முன்பக்கப் பங்கு 59.6. வாத்தியார் ஐயா தாளில் போட்டுக் கொடுத்தது முன்னால் முப்பத்துமூன்று குறையும் என்று. மேடை முப்பது என்கிறது. பத்துப் பத்தாகக் காட்டும் மேடைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று: மூக்கு உயர்ந்துவிட்டது. சுமை குறைந்ததும் ஸ்பிரிங் நிமிர்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர் இடைவெளி கூடியிருக்கிறது. அதனால்தான் அலைன்மென்ட். அதனால்தான் முதல் நாள் இரவு எதிரே வந்தவர்கள் எல்லாரும் எனக்கு டிம் அடித்துக் காட்டினார்கள். ஹெட்லைட் தென்னை மட்டைக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. திருகி இறக்கிவிட்டேன்.

ஓட்டினால் தெரிகிறதா? காலாப்பட்டு தாண்டி ஒரு வளைவு இருக்கிறது, பத்து வருடமாகப் போகிற வழி. முன்பு ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு ஒரு மூச்சு காத்திருப்பேன், பிறகுதான் மூக்கு யோசித்துத் திரும்பும். இப்போது அந்தக் காத்திருப்பு பாதியாகியிருக்கிறது. வளைவின் நடுவில், வேகம் கூட்டினால், பழைய அடம் அப்படியே இருக்கிறது.

ஸ்பேனர்14

அது டயர். மீதி 7,600 இருக்கிறதல்லவா? முன்னால் இரண்டை மட்டும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். முன்னால் புதுப் பிடி, பின்னால் கல் ரப்பர் என்றால், மழைநாளில் வண்டி மூக்கால் போகாது, வாலால் போகும். காத்திருந்து நான்கையும் மாற்றுங்கள். அதுவரை அந்த வளைவில் கூட்டாதீர்கள்.

உப்புக்காற்று

தீபாவளி போனஸுக்குக் காத்திருக்கிறேன். மகள் வண்டியில் இருக்கும்போது எப்படியும் கூட்ட மாட்டேன்.

ஏரிக்கரை (பாகூர்)

ஐயா, பழைய இழையை இப்போதுதான் படித்தேன். எங்கள் தெருவில் ஐந்து வேகத்தடை, ஐந்திலும் என் ஸ்விஃப்ட் அடி உரசுகிறது. உங்களிடம் கழற்றிய அந்த மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு இன்னும் இருக்கிறதா? அளவைக் கொஞ்சம் வெட்டிப் பூட்டிக்கொள்வேன். விலை சொல்லுங்கள்.

உப்புக்காற்று

மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கிறது. விலை வேண்டாம், ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். 10.2 கிலோ, துணைக்கு ஓர் ஆளை அழைத்து வாருங்கள்.